அரண்மனை வேண்டாம், ஒரு சாம்பல் திரை போதும்

(திரையில்: சாமத்திய வீடு எனும் பூப்புனித நீராட்டு விழாவின் அல்பத்தில் ஒரு பக்கம். பட்டுச் சேலையில் பிள்ளை, பின்னால் கணினியில் ஒட்டிய பளிங்கு மாளிகை.)

வணக்கம். இந்தப் படத்தில் பிள்ளையின் முகத்துக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. பின்னாலுள்ள தூண்களைப் பாருங்கள். அவற்றின் நிழலும் இடப்பக்கமே விழுந்திருக்கிறது. அப்படியானால் மாளிகைக்கு வெளிச்சம் வலப்பக்கம்! பார்ப்பவருக்குக் காரணம் பிடிபடாது. ஆனாலும் படம் ஒட்டவில்லை என்பது மட்டும் தெரிந்துவிடும்.

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்படிப்பட்ட மாளிகைகளை விரும்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். நான் கணினியில் செய்து காட்டப்போவது, பழைய ஸ்டூடியோக்களில் துணியில் தீட்டித் தொங்கவிட்ட திரையைப் போன்ற ஒன்று. முகத்தோடு போட்டி போடாத திரை.

(திரையில்: புதிய கோப்பு.)

8க்கு 10 அங்குலத்தில் அச்சிடுவதென்றால், அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 2400க்கு 3000 பிக்சல் வேண்டும். முன்னிறம், பின்னிறம் இரண்டுக்கும் நெருங்கிய இரண்டு சாம்பல்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றில் மட்டும் துளி மண்ணிறம் கலந்திருக்கட்டும். போட்டோஷொப் மென்பொருளில் ஃபில்டர் மெனுவைத் திறந்து, ரெண்டர், அதில் கிளவுட்ஸ். காசு கொடுக்க விருப்பமில்லையா? இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் சொலிட் நொய்ஸ் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும்; நிறத்தை மட்டும் பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது வந்திருப்பது வெறும் புகை. அதைப் பெரிதாக இழுத்து, காசியன் பிளர் கொடுத்து மங்கலாக்கி, பிறகு பெரிய மென்மையான பிரஷ்ஷை 10 சதவீத அடர்த்தியில் வைத்து அங்குமிங்கும் தடவுங்கள். ஒழுங்காகத் தடவாதீர்கள். கை தீட்டிய திரையில் ஒழுங்கு இருக்காது.

(திரையில்: முகமும் திரையும் அருகருகே.)

அடுத்து வெளிச்ச வட்டம். பலர் அதைத் தலைக்கு நேர் பின்னால் வைப்பார்கள். சாமிப் படம் போலாகிவிடும். முகத்தின் இருண்ட கன்னம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துத் தோளுக்குப் பின்னால் திரையைச் சற்று வெளுக்க விடுங்கள். வெளிச்சமான கன்னத்துக்குப் பின்னால் இருட்டட்டும். இருண்ட கன்னத்தின் ஓரம் அப்போதுதான் திரையில் கரையாமல் தெளிவாக எழும்பி நிற்கும்.

கருஞ்சாம்பல் மெல்ல வெளுக்கும் இடத்தில் வளையம் வளையமாகக் கோடுகள் தெரிகின்றனவா? 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். நம் திரை அதில் நாற்பது படிகளைப் பயன்படுத்தினால், 3000 பிக்சல் உயரத்தில் ஒரு படி எழுபத்தைந்து பிக்சல் அகலத்துக்கு விரியும். அதுதான் அந்தக் கோடு. 16 பிட்டில் வேலை செய்யுங்கள். முடிவில் ஒற்றை நிறத்தில் 1 அல்லது 2 சதவீத நொய்ஸ், அதாவது நுண்புள்ளிகள், தூவுங்கள். கமராப் படத்தில் இயல்பாக இருக்கும் மணி மணியான புள்ளிகளுக்கும் திரை அப்போது பொருந்தும்.

(திரையில்: கூந்தல் ஓரம், 200 சதவீதப் பெருக்கம்.)

பிள்ளையின் உருவத்தைப் படத்திலிருந்து வெட்டி எடுக்கும்போது அழிப்பானைத் தொடாதீர்கள். லேயர் மாஸ்க் போடுங்கள். அது படத்தை அழிக்காமல் மறைக்க மட்டும் செய்யும், தவறினால் மீட்டுக்கொள்ளலாம். சிரமம் தருவது மல்லிகைச் சரம்தான். பச்சைத் துணிக்கு முன்னால் எடுத்திருந்தால் அந்த வெள்ளை இதழ்களிலும் சேலைச் சரிகையிலும் பச்சை ஏறியிருக்கும். சாம்பல் சுவருக்கு முன்னால் எடுத்திருந்தால் பாதித் தொல்லை இல்லை.

முழு உருவப் படமென்றால், பாதத்துக்கும் தரைக்கும் இடையில் மல்டிப்ளை லேயரில், அதாவது கீழுள்ளதைக் கருமையாக்கும் அடுக்கில், ஒரு நிழல் வேண்டும். தொடும் இடத்தில் கறுப்பு, தள்ளிப் போகப் போக மங்கல். நிழல் இல்லாவிட்டால் பிள்ளை அந்தரத்தில் நிற்கும்.

காலிமுகத்திடலில் சூரியன் மறையும் காட்சியைப் பின்னால் போட்டுத் தரச் சொல்பவர்களும் உண்டு. கடல் மேற்கே இருக்கிறது. சூரியன் முதுகுக்குப் பின்னால் என்றால் முகம் இருண்டு, கூந்தல் ஓரத்தில் பொன் கோடு விழ வேண்டும். ஸ்டூடியோ வெளிச்சத்தில் எடுத்த முகத்துக்கு அது பொருந்தாது. மாலையில் நேரே திடலுக்குப் போய் எடுப்பதே மேல்.

கோப்பை லேயர்களோடு சேமித்து வையுங்கள். சாமத்திய வீட்டில் சேலை ஒன்றோடு முடியாது. அடுத்த சேலைக்குத் திரையின் சாயலை மாற்றி, வெளிச்ச வட்டத்தைத் தேவையான பக்கம் நகர்த்தினால் வேலை முடிந்தது.