யாரைக் காணோம்?

சபையார் அனைவருக்கும் என் அன்பின் தோத்திரம்.

2020 ஏப்ரல் 12, ஈஸ்டர். கொரோனா ஊரடங்கில் கோயில் கதவெல்லாம் பூட்டிக் கிடந்தது. யூடியூபில் ஆராதனை பார்த்தோம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதுவும் இல்லாவிட்டால் அன்றைக்கு ரொம்பப் பேருக்கு ஈஸ்டரே இல்லை. ஆனால் கதவு திறந்து இத்தனை வருஷம் ஆன பிறகும், "பிரசங்கத்தை வீட்டிலேயே கேட்டுவிடுகிறேன், அப்புறம் எதற்குக் கோயில்?" என்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிரசங்கம் மட்டுமே ஆராதனை என்றால், நம்முடையதைவிட நல்ல பிரசங்கம் செல்போனில் கிடைக்கும். போதகர் ஐயா மன்னிக்க வேண்டும்.

பவுல் அப்போஸ்தலர் கடிதம் எழுதிய கொரிந்து பட்டணத்துச் சபையைப் பாருங்கள். அங்கே கூடிவந்ததில்தான் வில்லங்கமே. வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட்டார்கள். ஒருவன் பசியாய் இருக்கிறான், இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். பசி தாங்காதவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்றாரே தவிர, இனி கூடவே வேண்டாம் என்று பவுல் சொல்லவில்லை. "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்றார்.

செல்போனில் யாருக்காகக் காத்திருப்பீர்கள்? பாட்டு இழுவையாக இருந்தால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். அப்பமும் திராட்சரசமும் வாங்க நற்கருணைக்கு முழங்காலில் நிற்கும்போது அது நடக்காது. வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய பங்காளி பக்கத்திலேயே முழங்காலில் இருப்பார். அவர் குடித்த அதே பாத்திரம்தான் அடுத்து உங்களிடம் வரும். அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வது லேசான காரியமில்லை.

சரி, வரவே முடியாதவர்கள்? கி.பி. 155 வாக்கில் ரோமாபுரியில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் எழுதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவார்களாம். நேரம் இருக்கும்வரை வேதம் வாசிப்பார்களாம். அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்தபின், வராதவர்களுக்கு உதவிக்காரர் கையில் கொடுத்தனுப்புவார்களாம். காணிக்கை விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் கிடப்பவர்களுக்கும் போகும். கூடினால்தானே யார் வரவில்லை என்று தெரியும்! எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யூடியூப் எண்ணிச் சொல்லிவிடும். மூன்றாவது பெஞ்சுப் பாட்டியை ஒரு மாதமாகக் காணோமே என்று அது கேட்காது.

நம் சபையிலும் படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் உண்டு. போதகர் ஐயா அவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது தனியாகத்தான் போகிறார். கூட நாலு பேர் போனால் அந்த வீட்டில் ஒரு பாட்டாவது சேர்ந்து பாடலாம். வர விருப்பமுள்ளவர்கள் சபைச் செயலரிடம் இன்றைக்கே பெயர் கொடுத்துவிடுங்கள்.