வெள்ளம் வந்த மாதம்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் சுமேரியாவும் எகிப்தும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும். ஆறு, வண்டல், விளைச்சல், நகரம், எழுத்து என்று இரண்டுக்கும் ஒரே வரிசை. நீர்ப்பாசனப் பணியில் காலம் கழித்தவன் என்பதால், அந்தப் பாடத்தில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி என்னை எப்போதும் இழுக்கும். அந்த ஆறுகளில் வெள்ளம் எந்த மாதம் வந்தது?

நைலை முதலில் பார்ப்போம். எத்தியோப்பிய மலைநாட்டில் ஜூனில் தொடங்கும் பருவமழை, நீல நைல் வழியாக இறங்கி, ஆகஸ்டு, செப்டம்பரில் எகிப்தின் வயல்களை மூடும். அதற்குள் அறுவடை முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். நிலம் வெடித்துக் காய்ந்து கிடக்கும். கரை கட்டிய பெரிய பாத்திகளில் நாற்பது நாள், ஐம்பது நாள் தண்ணீர் நிற்கும். பிறகு ஆறு இறங்க, பாத்தியைத் திறந்து விடுவார்கள். ஈரம் காயுமுன் விதைத்தால் ஒரு போகம் வந்துவிடும். மண்ணில் சேர்ந்த உப்பும் அந்தத் தண்ணீரோடு ஆண்டுதோறும் வெளியேறிவிடும்.

அரசின் கவலை வெள்ளத்தின் உயரம் பற்றியது. பலெர்மோ கல் என்று இன்று அழைக்கப்படும் பழைய அரச ஆண்டுக்குறிப்பில், ஒவ்வோர் ஆண்டின் நிகழ்ச்சிகளுக்கும் கீழே அந்த ஆண்டு வெள்ளத்தின் உயரம் முழக்கணக்கில் செதுக்கப்பட்டிருக்கிறது. மிகப் பின்னால் வந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி அந்தக் கணக்கை விளக்குகிறார்: 12 முழம் என்றால் பட்டினி, 13 என்றாலும் பசிதான், 14 மகிழ்ச்சி, 15 நிம்மதி, 16 பெருங்களிப்பு. ஒரு நாட்டின் வயிறு நான்கு முழ வித்தியாசத்துக்குள் அடங்கியிருந்தது.

இப்போது சுமேரியாவின் ஆறுகளான யூப்ரடீஸ், டைக்ரிஸ் பக்கம் வாருங்கள். அங்கே வெள்ளம் வருவது இன்றைய துருக்கியின் அனத்தோலிய மலைகளில் பனி உருகுவதால். ஏப்ரல், மே மாதங்களில்தான் ஆறு பொங்கும். தெற்கு இராக்கில் பார்லிக் கதிர் முற்றி அறுவடைக்கு நிற்பதும் அதே நாட்களில். விதைக்கும் காலமான அக்டோபர், நவம்பரிலோ ஆறு மெலிந்து கிடக்கும். மழையை நம்பவும் வழியில்லை. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத சமவெளி அது. ஆகவே சுமேரிய உழவனுக்கு இலையுதிர் காலத்தில் தண்ணீரைக் கொண்டுவர வாய்க்கால் வேண்டும், வசந்தத்தில் அதே தண்ணீரைத் தடுக்கக் கரையும் வேண்டும். எகிப்தியனுக்கு ஆறே செய்து கொடுத்த வேலையை இவன் மண்வெட்டியால் செய்தான்.

எவ்வளவு நுணுக்கமாகச் செய்தான் என்பதற்குக் களிமண் பலகைகளில் ஒரு சான்று இருக்கிறது. தந்தை மகனுக்கு உழவு சொல்லித்தரும் சுமேரியப் பாடம் அது. வயலில் தண்ணீர் விடும்போது மிகுதியாக ஏறிவிடாமல் பார்த்துக்கொள். விதைக்கலப்பையின் பின்னால் நின்று விதை இரண்டு விரல் ஆழத்தில் சீராக விழுகிறதா என்று கவனி. பயிர் வளர்ந்து உழவுச் சால்களை நிரப்பியதும் தண்ணீர் கட்டு. இலை சிவந்தால் அது நோய். முளை வந்ததும் வயல் எலிகளின் தெய்வமான நின்கிலிமை வேண்டிக்கொள் என்றும் வருகிறது. வயலில் நின்று பழகாதவன் சொல்லக்கூடிய பேச்சாக எனக்கு இது தெரியவில்லை.

வாய்க்கால் என்று வந்துவிட்டால் தலைமடைக்கும் கடைமடைக்கும் சண்டை வராமல் இருக்குமா? உம்மா என்ற நகரம் மேலே, லகாஷ் கீழே. இரண்டுக்கும் நடுவே குஎதெனா என்ற செழிப்பான வயல்வெளி. கிஷ் நகர மன்னன் மெசாலிம் எல்லை வகுத்துக் கல் நட்டான். உம்மா அதைப் பிடுங்கியது. லகாஷ் மன்னன் எயன்னாட்டும் போரில் வென்று, எதிரிகளின் தலைகளைக் கழுகுகள் கவ்விச் செல்லும் காட்சியைக் கல்லில் செதுக்கினான். அதன் உடைந்த துண்டுகள் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தோற்ற உம்மா அந்த நிலத்தில் பயிரிட்டுக்கொள்ளலாம், பார்லியாகக் கட்டணம் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கட்டணம் வரவில்லை, வட்டிக்கு வட்டி ஏறியது. பிறகு உம்மாவின் ஆட்சியாளன் எல்லை வாய்க்கால்களின் தண்ணீரைத் திருப்பிக்கொண்டான். கி.மு. 2400 வாக்கில் லகாஷை ஆண்ட என்மெதேனா இந்த வழக்கு முழுவதையும் ஒரு களிமண் கூம்பின்மீது எழுதி வைத்தான். தலைமுறைகள் கடந்த தண்ணீர்த் தகராறு, தேதி தவிர மற்ற எல்லாம் நமக்குப் புரியும்.

என்மெதேனா எடுத்த முடிவுதான் இங்கே முக்கியம். யூப்ரடீஸ் பக்கத் தண்ணீருக்காக உம்மாவை எதிர்பார்த்து நிற்பதை விட்டு, டைக்ரிஸிலிருந்து வாய்க்கால் வெட்டிக்கொண்டான். கடைமடைக்காரனுக்குத் தாராளமாகத் தண்ணீர் கிடைத்தது. தட்டையான அந்தச் சமவெளியில் வடிகால் இல்லை. பாய்ச்சிய நீர் கீழே இறங்கி நிலத்தடி மட்டத்தை உயர்த்தியது; வெயில் அதை மேலே இழுக்க, உப்பு மண்ணின் மேற்பரப்பில் தங்கியது.

தோர்கில்ட் யாகப்சன், ராபர்ட் ஆடம்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1958இல் இதைக் கணக்கோடு எழுதினார்கள். கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறையச் சமமாக விளைந்த நாட்டில், என்மெதேனா காலத்தில் லகாஷ் நாட்டின் கிர்சு வட்டாரத்துக் கோதுமை ஆறில் ஒரு பங்காகிவிட்டது. கி.மு. 2100 வாக்கில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. பார்லி உப்பைத் தாங்கும், கோதுமை தாங்காது. பார்லியின் விளைச்சலும் ஹெக்டேருக்கு 2,537 லிட்டரிலிருந்து கி.மு. 1700 வாக்கில் 897 லிட்டராக இறங்கியது என்றார்கள். இந்த எண்களையும் உப்பின் பங்கையும் பின்னாளில் கேள்வி கேட்ட ஆய்வாளர்கள் உண்டு. நிலத்தைத் தரிசு போட்டு உப்பை அடக்கச் சுமேரியர் அறிந்திருந்தார்கள் என்பது அவர்கள் வாதம். அறிந்திருந்தார்கள் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் உண்ண வேண்டிய வாய்களும் வரி கேட்கும் கோயிலும் பெருகும்போது தரிசுக்கு விட எந்த உழவனுக்கு மனம் வரும்? சுமேரியா உப்பால் மட்டும் வீழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். உப்பை ஒதுக்கிவிட்டு அதன் கதையைச் சொல்லவும் மாட்டேன்.

எகிப்தியரின் மண் ஐயாயிரம் ஆண்டு தாங்கியதற்கு அவர்கள் கூடுதல் அறிவாளிகளாக இருந்தது காரணம் அன்று. ஆறு சரியான மாதத்தில் வந்து கழுவிக் கொடுத்தது. 1970இல் கட்டி முடிந்த அஸ்வான் உயர் அணையோடு அந்த வெள்ளம் நின்றது. ஆண்டு முழுவதும் வாய்க்கால் பாசனம், இரண்டு மூன்று போகம். கூடவே நிலத்தடி நீர் ஏறியது, உவர் தலைகாட்டியது. எகிப்திய அரசு லட்சக்கணக்கான ஏக்கர் வயல்களுக்கு அடியில் துளையிட்ட வடிகால் குழாய்களைப் பதித்தது. அவற்றில் வடியும் தண்ணீரையும் முழுவதுமாகக் கடலுக்கு விட அவர்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. ஒரு பகுதியை எடுத்து, நைல் நீரோடு கலந்து, மறுபடியும் வயலுக்கே பாய்ச்சுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.