பெற்றோரைக் கேட்கும் சட்டம் அரசையும் கேட்கட்டும்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் தோழர் அவர்களே, அதிபர்களே, ஆசிரிய நண்பர்களே, இன்றைய பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியர் சங்கம் என்றால் சம்பளத்துக்காக மட்டும் சத்தம் போடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதனால் இன்று முதலில் நம் தோட்டப் பாடசாலைகளைத் தொடும் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். சம்பளம் அப்புறம்.

இந்த நாட்டின் பாடசாலைக் கல்விக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். அதன் கீழ் 1997 இல் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் வந்தன. 5 வயது முதல் 14 வயது வரை பிள்ளை பாடசாலைக்குப் போயாக வேண்டும். 2016 இல் அந்த வயதை 16 ஆக உயர்த்தினார்கள். நல்ல விதி, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த விதி பொறுப்பை யார் தலையில் வைக்கிறது? பெற்றோரின் தலையில். பிள்ளையை அனுப்பாத தாயைத் தேடி லயத்து வரிசை வீட்டுக்கே ஆள் வரலாம், நடவடிக்கையும் எடுக்கலாம். சரி, தாய் அனுப்பிவிட்டாள். பிள்ளையும் வந்துவிட்டது. தரம் 10 இல் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை. முதலாம் தவணையும் இல்லை, இரண்டாம் தவணையும் இல்லை. இப்போது யார் மேல் நடவடிக்கை எடுப்பது?

அரசியலமைப்பைப் பாருங்கள் என்கிறார்கள். பார்த்தோம். 27 ஆம் உறுப்புரையில் எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பு என்று அழகாகவே இருக்கிறது. ஆனால் அது அரச கொள்கைக்கான வழிகாட்டல். இரண்டு உறுப்புரை தள்ளி, 29 இல், இவற்றை வைத்து எந்த நீதிமன்றத்திலும் உரிமை கேட்க முடியாது என்று எழுதியிருக்கிறது. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் கல்வி தனி உரிமையாக இல்லை. நகரத்துப் பிரபல பாடசாலையில் தரம் 1 க்கு இடம் கிடைக்காத பெற்றோர், 12 ஆம் உறுப்புரையின் சமத்துவத்தைப் பிடித்துக்கொண்டுதான் உயர் நீதிமன்றம் போகிறார்கள். தோட்டத்தின் ஒரு டிவிஷனில் இருக்கும் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் வேண்டும் என்று கொழுந்து பறிக்கும் ஒரு தாய் கொழும்புக்குப் போய் வழக்காட முடியுமா?

இங்கேதான் எங்கள் நிலைப்பாடு. கல்வி அடிப்படை உரிமையாக வேண்டும். புதிய கல்விச் சட்டம் எப்போது வந்தாலும் அதில் ஒரு பிரிவு இருக்க வேண்டும். ஒரு பாடசாலையின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில், அதாவது அனுமதித்த ஆசிரியர் எண்ணிக்கையில், ஒரு வெற்றிடம் ஒரு தவணையைத் தாண்டினால், பொறுப்பான அதிகாரி பெற்றோருக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், காலக்கெடுவோடு. அதற்கும் ஆள் வராவிட்டால் பெற்றோர் முறையிட ஓர் இடம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 1987 இல் 13 ஆவது திருத்தம் வந்ததிலிருந்து எங்கள் தோட்டப் பாடசாலைகளில் அநேகமாக எல்லாமே மாகாண சபையின் கீழ். ஆள் எங்கே என்று மாகாணத்தைக் கேட்டால் மத்திய அரசு அனுமதி தரவில்லை என்பார்கள். மத்தியைக் கேட்டால் அது மாகாணத்தின் வேலை என்பார்கள். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சையே வந்துவிடுகிறது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? சட்டம் நம்மைப் பொதுவாகப் பேசிய போதெல்லாம் நம்மை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. 1907 இல் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் கடமையைத் தோட்டத்தை நடத்தும் துரைமார் கையில் கொடுத்தார்கள், அதுவும் 6 வயது முதல் 10 வயது வரைக்கும்தான். பத்து வயதோடு கொழுந்துக்கூடை. 1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியை நாடே கொண்டாடியது, இன்றும் கொண்டாடுகிறது, நாமும் கொண்டாடுகிறோம். ஆனால் தோட்டத்தில் அதே ஒற்றை ஆசிரியர், அதே ஐந்தாம் வகுப்பு. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியேதான் நின்றன. காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1970களின் பிற்பகுதியில்தான் நம் பாடசாலைகளுக்கும் வழி திறந்தது. முப்பது வருடத் தாமதம் என்பது ஒரு முழுத் தலைமுறை. இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய தாயும் தகப்பனும் அந்தத் தலைமுறைதான்.

அந்தத் தாமதத்தின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். ஒரே மண்டபம். தரம் 3 க்கும் தரம் 4 க்கும் நடுவில் அலுமாரியைத் திருப்பி வைத்திருப்பார்கள், அதன் முதுகில் வாய்ப்பாடு ஒட்டியிருக்கும். டீச்சர் இந்தப் பக்கம் கழித்தல் கணக்கை எழுதிவிட்டு, அந்தப் பக்கம் போய் வாசிப்பு எடுப்பார். மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் இரண்டு வகுப்புக்கும் எதுவும் கேட்காது. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குச் சித்திரம் கீறக் கொடுப்பார்கள். பாடத்திட்டத்தை வரைகிறவர்கள் ஜூலை மாதம் ஒரு நாள் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அந்த டீச்சரை எப்படி நியமித்தார்கள் என்பதும் சட்டப் பிரச்சினைதான். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நம் இளைஞர் யுவதிகளைப் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு 'ஆசிரிய உதவியாளர்' என்று எடுத்தார்கள். கொடுப்பனவு மாதம் 6,000 ரூபாய், பிறகு 10,000. வேலை மட்டும் முழு ஆசிரியரின் வேலை. பயிற்சியும் முறையான தரமும் கிடைக்க வருடக்கணக்கில் அலைந்தார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இந்த மண்ணிலேயே இருக்கிறது. பயிற்சி பெற்றவரை இலங்கை ஆசிரியர் சேவைக்குள் எடுப்பதுதான் முறை. சேவைக்கு வெளியே அரைக் கூலிக்கு ஆசிரியர் எடுப்பதைச் சட்டமே தடுக்க வேண்டும்.

அடுத்தது காணி. பாடசாலை அரசினுடையது, ஆனால் அதைச் சுற்றியிருக்கும் நிலம் கம்பனிக்குக் குத்தகை. ஒரு கழிவறை கட்டவும் தோட்ட அலுவலகத்தில் போய் நிற்கிறோம். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு மலை சரிந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். ஆபத்தான இடத்திலிருந்து பாடசாலையை நகர்த்த வேண்டுமானால் முதல் கேள்வி, எந்த நிலத்துக்கு? பாடசாலைக் காணி அளந்து, எல்லை போட்டு, கல்வித் திணைக்களத்தின் பெயரில் எழுதப்பட வேண்டும்.

பாடசாலை நேரத்தைப் பிற்பகல் 2 மணி வரை நீடிக்கும் யோசனையை 2025 இல் சங்கங்கள் ஏன் எதிர்த்தன என்றும் கேட்கிறீர்கள். சீர்திருத்தத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. காலையில் வெறும் தேத்தண்ணீரோடு வந்து, மாலையில் தேயிலை மலையூடாக நடந்தே திரும்பும் பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம் என்ன செய்யும் என்று நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

இனிச் சம்பளம். ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கேட்டு, 2021 ஜூலையில் ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகி, ஒக்டோபர் வரை நாடெங்கும் நின்றோம். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தையும் அதே காலத்தில் எதிர்த்தோம், உயர் கல்வியைப் பாதுகாப்பு அமைச்சின் கையில் கொடுக்கக் கூடாது என்பதற்காக. சம்பள முரண்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியில் கிடைத்தது. மீதியைக் கேட்டுக்கொண்டேதான் இருப்போம்.

இப்போது ஒரு வேலை. வாசலில் மேசையில் படிவம் இருக்கிறது. உங்கள் பாடசாலை, தரம், பாடம், எந்தத் திகதியிலிருந்து ஆசிரியர் இல்லை, இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். அதிபர்கள் பாடசாலையின் சம்பவத் திரட்டுப் பதிவேட்டைப் பார்த்துத் திகதியைச் சரியாக எழுதுங்கள். பெற்றோரும் கையெழுத்திட வேண்டும், கைநாட்டு என்றாலும் சரி. இந்த மாவட்டத்தின் எல்லாப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், கட்சி பார்க்காமல், ஒரே கட்டாகக் கொடுக்கப் போகிறோம். யாரும் நிரப்பாமல் போக வேண்டாம். நன்றி, வணக்கம்.