பாவா வழக்கு

நேயர்களுக்கு வணக்கம். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மீன்பிடி உரிமை பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஒரு கிளிஞ்சலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

நியூசிலாந்துக் கடற்கரைப் பாறைகளில் பாவா என்ற அந்தக் கிளிஞ்சல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே கல் மாதிரி. கழுவித் திருப்பினால் உள்ளே மயில்கழுத்து நிறம். சதையைத் தின்பார்கள், ஓட்டை மரச்சிற்பங்களுக்குக் கண்ணாகப் பதிப்பார்கள். 1984-இல் டாம் தே வீஹி என்ற மாவோரி, மோட்டுனாவ் கடற்கரையில் பாவா எடுத்துப் பிடிபட்டார். சட்டம் சொல்லும் அளவைவிடச் சிறியவை என்பது குற்றச்சாட்டு. அவர் அந்தக் கரையின் குலத்துக்காரர்கூட இல்லை. ஆனால் அந்தக் கரைக்குரிய ங்காய் தாஹு குலத்தில் கடல்வளத்தைக் காக்கும் காவலரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு வாங்கியிருந்தார், வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று.

கீழ்க்கோர்ட் தண்டித்தது. 1986-இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம் மீன்வளச் சட்டத்தில் இருந்த ஒரே வரி: மாவோரி மீன்பிடி உரிமைகளை இந்தச் சட்டம் பாதிக்காது. 1877 முதல் ஏதோ ஒரு வடிவில் வந்துகொண்டிருந்த வரிதான். அதில் உயிர் இருப்பதாக யாரும் எண்ணவில்லை. இத்தனைக்கும் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் 1840-இல் செய்துகொண்ட வைதாங்கி ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகம் மீன்பிடி இடங்களைப் பெயர் சொல்லியே உறுதி தந்திருந்தது.

அதே 1986-இல் அரசு மீன்பிடிப்பைக் கோட்டாவாக, அதாவது இவ்வளவு பிடிக்கலாம் என்ற பங்குகளாகப் பிரித்து, விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாக்கியது. பகுதிநேர மீனவர்களைக் கழித்ததில் சிறு மாவோரி மீனவர்கள் பலர் ஏற்கெனவே வெளியே போயிருந்தார்கள். தன்னுடையதுதான் என்று முடிவாகாத பொருளை அரசு எப்படிப் பங்கு போடும்? மாவோரிகள் கோர்ட்டுக்குப் போய் 1987-இல் தடை வாங்கினார்கள். அப்புறம் பேச்சுவார்த்தை. 1992-இல் அரசு மாவோரிகளுக்குத் தந்தது: சீலார்ட் என்ற மீன்பிடி நிறுவனத்தில் பாதியை வாங்க 15 கோடி நியூசிலாந்து டாலர், புதிதாகக் கோட்டாவுக்குள் வரும் மீன்வகைகளில் 20 சதவீதம். சரி, பதிலுக்கு? அந்த ஒரு வரி நீக்கப்பட்டது. உரிமையைக் கொடுத்துப் பங்கு வாங்கிவிட்டோம் என்று எதிர்த்த மாவோரிகள் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள்; 2000-இல் அங்கும் பலிக்கவில்லை. என் மனசு அவர்கள் பக்கம்தான்.

விற்காமல் பந்திக்கு எடுக்கும் உரிமை விதிகளாக மிஞ்சியது. இழவு வீட்டுக்குப் பாவா வேண்டுமென்றால் குலக் காவலரிடம் போக வேண்டும். எது, எத்தனை, எங்கே, எதற்கு என்று அவர் சீட்டில் எழுதித் தருவார். தே வீஹி வாயால் கேட்டு வாங்கியது இப்போது காகிதத்தில் இருக்கிறது.