முகப்புக்குத் திரும்ப வழி இருக்கா? கிளைவிடும் கால தர்க்கம்

[திரையில்: போனில் பணம் அனுப்பும் செயலி. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.]

பணம் போச்சா, போகலையா? தெரியாது. பின்னால போற பட்டனும் வேலை செய்யல. இந்த வட்டத்தை வெறிச்சுப் பார்த்துட்டு உட்காராத ஆளே கிடையாது.

இந்தச் செயலியில ஆறு நிலைன்னு வெச்சுக்குவோம். முகப்பு, தொகை, பின் நம்பர், காத்திருப்பு, ரசீது. சர்வர் பதில் சொல்லலைன்னா ஆறாவதா 'தொங்கல்'.

நம்ம கேள்வி: எங்க மாட்டினாலும் முகப்புக்குத் திரும்ப ஒரு வழியாவது இருக்கா?

நேரம் போகப் போக என்ன நடக்கும்னு எழுதுற முறைதான் கால தர்க்கம். 1977ல கணினி விஞ்ஞானி அமீர் புனுவேலி கணினி நிரலுக்குக் கொண்டுவந்த கால தர்க்கம், காலத்தை ஒற்றை நூலாப் பார்க்கும். 'முகப்புக்கு வந்தே தீரும்'னு அதுல எழுதலாம். நமக்கு அது வேண்டாம். ரசீதையே ராத்திரி பூரா பார்த்துட்டு இருந்தா அது செயலியோட தப்பா? 'வர வழி இருக்கு', அவ்வளவுதான் நமக்கு வேணும். அதைச் சொல்ல காலம் மரம் மாதிரி கிளைவிடணும்.

[திரையில்: ஏஜி ஈஎஃப் முகப்பு]

ஏஜி: எந்தப் பாதையில போனாலும், எப்பவும். ஈஎஃப்: ஒரு பாதையிலாவது, என்னைக்காவது. சேர்த்துப் படிச்சா: எங்க இருந்தாலும் முகப்புக்கு வர ஒரு வழி இருக்கு. சிடிஎல்னு பேர் வெச்ச இந்தக் கிளைவிடும் கால தர்க்கத்தையும் அதைச் சரிபார்க்கிற முறையையும் 1981ல கொடுத்தவங்க எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன். பிரான்ஸ்ல கேய்லும் சிஃபாகிஸும் தனியா இதே யோசனைக்கு வந்தாங்க. கணினித் துறையோட உயரிய விருதான டியூரிங் விருது 2007ல கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூணு பேருக்கு. கேய்ல் பேரு அதுல இல்ல.

[திரையில்: ஆறு வட்டங்கள், அம்புக்குறிகள்]

சரிபார்ப்பு பின்னாலிருந்து நடக்கும். முகப்புக்கு வர வழி இருக்கிற நிலைக்கெல்லாம் டிக். முதல்ல முகப்புக்கு டிக். ரத்து பட்டன் இருக்கிறதால தொகைக்கும் பின் நம்பருக்கும் டிக். ரசீதுல 'முடிந்தது' இருக்கு, டிக். காத்திருப்புல இருந்து ரசீதுக்குப் போகலாம், அதுக்கும் டிக். தொங்கல்? வெளிய போற அம்பே இல்ல. மாட்டுச்சு! எந்த வழியா அங்க போய் விழுந்தோம்னு சரிபார்க்கிற மென்பொருள் கருவியே காட்டிடும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த வழிகாட்டல்தான்.

ஆறு நிலையை கையாலயே போடலாம். சிப்புல 0 அல்லது 1 வைக்கிற பிட் 100 இருந்தா, நிலைகளோட எண்ணிக்கை 31 இலக்கம். ஒவ்வொண்ணா எண்ணாம, கூட்டம் கூட்டமா சுருக்கி வைக்க கென் மெக்மில்லன் எஸ்எம்வி கருவியை எழுதினார். 1992ல கார்னகி மெலன் குழு அதை வெச்சு கணினிப் பாகங்களை இணைக்கிற ஃபியூச்சர்பஸ் பிளஸோட கேஷ் (தற்காலிக நினைவக) நெறிமுறையில யாருக்கும் தெரியாத பிழைகளைப் பிடிச்சாங்க.

[திரையில்: தொங்கலிலிருந்து முகப்புக்குப் புது அம்பு]

30 விநாடி கழிச்சு முகப்புக்குப் போற மாதிரி ஒரு அம்பு போட்டாச்சு. ஆறாவது டிக்கும் விழுந்துடுச்சு.

பணம் போச்சா, போகலையா? அதுக்கு வேற சூத்திரம் எழுதணும்.