கழுவாத விரல்

நேயர்களுக்கு வணக்கம்.

உணவு ஆலோசகர் என்ற முறையில் நான் பார்த்த ஒரு குறிப்பேட்டிலிருந்து தொடங்குகிறேன். பெரியவர் ஒருவர் கொண்டுவந்தது. கட்டம் போட்டு, தேதி போட்டு, தம் ரத்தச் சர்க்கரை அளவை முத்து முத்தாக எழுதியிருந்தார். மற்ற வேளைகளில் 140-ஐத் தாண்டாத எண், மாலைக் கட்டத்தில் மட்டும் 260, 280 என்று ஏறி நின்றது. மாலையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பேத்திக்குப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு, விரலில் குத்திப் பார்ப்பாராம்.

கையைக் கழுவுவீர்களா என்றேன். "ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிடுவேன்" என்றார்.

அங்கேதான் கோளாறு. கருவிக்கு வேண்டியது கடுகைவிடச் சிறிய ரத்தத்துளி. விரலில் ஒட்டிய பழச்சாறு அதில் சிறிது கலந்தாலும் எண் எகிறிவிடும். ஸ்பிரிட்டால் துடைத்தாலும் அந்த இனிப்பு முழுவதும் போய்விடுவதில்லை. சோப்பும் தண்ணீரும் வேண்டும். "விரலைச் சுத்தம் செய்துவிட்டுக் குத்துங்கள்" என்று அவருக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவருக்குச் சுத்தம் என்றால் ஸ்பிரிட். பிழை அவருடையதா, சொல்லிக் கொடுத்த எங்களுடையதா? எங்களுடையது என்றுதான் சொல்வேன்.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நோய்க்கும் சர்க்கரை என்கிறோம், ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸுக்கும் சர்க்கரை என்கிறோம், டப்பாவில் இருக்கும் வெள்ளைப் பொருளுக்கும் அதே பெயர்தான். டப்பாவை மூடிவிட்டால் நோயும் அடங்கிவிடும் என்று ஒருவர் நினைத்தால் அதில் வியப்பென்ன? தானியமும் கிழங்கும் நாக்கில் இனிப்பதில்லை. ஆனால் அவற்றின் மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது. தேன் இயற்கையானது என்பதற்காக உடல் அதற்குச் சலுகை எதுவும் காட்டுவதில்லை.

"சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று அச்சிட்ட பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை என்ற வரியோடு நின்றுவிடாமல், மொத்த மாவுச்சத்து என்ற வரியைப் படியுங்கள். ஒரு பங்குக்கு 15 கிராம் என்றிருக்கும். பொட்டலத்தில் நான்கு பங்கு என்று வேறோர் இடத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பேச்சுவாக்கில் முழுவதையும் தின்றவர் 60 கிராம் உள்ளே தள்ளியிருக்கிறார். இந்த ஒரு பெருக்கல் கணக்கைக் கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். அதை விட்டுவிட்டு நாங்கள் கலோரி அட்டவணையைக் கையில் திணித்து அனுப்புகிறோம்.

"சர்க்கரையைத் தொடாதே" என்ற அறிவுரை ஆபத்தாக மாறும் வேளையும் உண்டு. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவருக்கு அளவு 70-க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அப்போது வேண்டியது டப்பாவில் இருக்கும் அதே சர்க்கரைதான்: சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லெட் இதற்கு உதவாது. அதன் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். இதை நோயாளியைவிட வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோயாளிக்குக் கற்பிப்பது ஒன்றும் புதுக் கொள்கை இல்லை. இன்சுலின் வருவதற்கு முன்பே, 1918-இல், பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜாஸ்லின் மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து படிக்க ஒரு கையேடு எழுதினார். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள், நானும் என் மருத்துவரிடம் அப்படித்தான். அதனால் இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன்: "வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வீர்கள்?"

அந்தப் பெரியவரிடமும் கேட்டேன். "பழம் உரித்தால் முதலில் சோப்பு, பிறகுதான் ஊசி" என்றார். சற்று நேரம் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் இனி இரவில் வயிறாரச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். அந்த மாலை எண்களைக் கண்டு பயந்து, ஆறு வாரமாகப் பாதி வயிற்றோடு படுத்திருக்கிறார்.