நோட்டு யார் கையில்?

(களியக்காவிளை அருகே ஒரு சபையின் வாலிபர் ஐக்கிய ஆண்டு விழாவில் பேசியது)

ஆயர் ஐயா அவர்களே, சபைப் பெரியவர்களே, வாலிபப் பிள்ளைகளே,

வரும்போது பார்த்தேன், ஆலயத்துக்குப் பின்னால் வாலிபால் வலை கட்டியபடியே இருக்கிறது. விழா அன்றும் அவிழ்க்க மனசு வரவில்லை போல. இருக்கட்டும். அந்த விளையாட்டே வாலிபர் சங்கத்தில் பிறந்ததுதான். 1895இல் அமெரிக்காவில், வில்லியம் மார்கன் என்ற ஒய்.எம்.சி.ஏ., அதாவது கிறிஸ்தவ வாலிபர் சங்க ஆசிரியர் உண்டாக்கியது. அந்தச் சங்கத்தை 1844இல் லண்டனில் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு அப்போது வயது 22. ஜவுளிக்கடையில் வேலை.

அதே சங்கம் 1920களில் நம் மார்த்தாண்டத்துக்கும் வந்தது. அன்று இதெல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானம்; கேரள எல்லைக்கோடு 1956இல்தான் விழுந்தது. சங்கத்துக்காக வந்த ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார். ரப்பர் தளிர்விடும் மாசி, பங்குனியில் தோட்டம் தோட்டமாகத் தேன்பெட்டி வைக்கிறோமே, அதில் அந்தப் பாடமும் இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பதினாறு வயதில் கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ் காணிக்கைக் கணக்கு நோட்டைக் கையில் கொடுத்தார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கோடு மூன்று ராத்திரி, வீடுவீடாகப் பாட்டு, கட்டன் சாயா. கடைசியில் எண்ணிப் பார்த்தால் எழுபது ரூபாய் குறைகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. செயலாளர் அண்ணன் சொன்னார்: "குறையுதுன்னே எழுது மக்கா. சபையில நீயே வாசி." கால் நடுங்க வாசித்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர், "அடுத்த வருஷமும் இவனே எழுதட்டு" என்றார். உண்மையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், ஒன்றும் நினைவில்லை. இது இருக்கிறது.

அதே ஐக்கியம் எனக்கு இன்னொன்றும் கற்றுத்தந்தது. வகுப்புத் தோழன் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டான். "படைத்ததைத் தொடாதே" என்று ஜெபம் முடிந்ததும் ஐக்கியத்து அண்ணன் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார். நான் போய், அவன் நீட்டிய பொங்கலைத் தட்டிவிட்டேன். இரண்டு வருஷம் அவன் என்னிடம் பேசவில்லை. அப்பா சொல்லியிருந்தால் எதிர்த்துக் கேட்டிருப்பேன். கூடப் பந்து விளையாடுகிற அண்ணன் சொன்னதால் கேள்வியே எழவில்லை. இங்கே அண்ணன்மாராக இருப்பவர்கள் அதை யோசிக்க வேண்டும். உங்கள் வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு கனம்.

அப்புறம் ஒரு பழைய வழக்கம். பாட்டும் சாயாவும் பெண்பிள்ளைகளுக்கு. சாவியும் நோட்டும் பையன்களுக்கு. இன்றைய நோட்டீஸைப் பார்த்தேன், செயலாளர், பொருளாளர் இரண்டு பேரும் பையன்கள்தான். ஆனால் வருஷம் முழுக்கக் கணக்கு எழுதியது பொருளாளரின் தங்கச்சி என்று மேடையேறும் முன் ஒருவர் காதில் சொன்னார். அடுத்தது ஆண்டறிக்கை. அந்தப் பிள்ளையே வந்து வாசிக்கட்டும். நான் உட்காருகிறேன்.